ஏ.சி. விளம்பரத்தில் வாட் கணக்கையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடைக்கு ஏ.சி. வாங்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த பக்கத்தில், ‘120 சதுர அடி அறைக்கு 1 டன் போதும், கூரை உயரமென்றால் ஒன்றரை டன்’ என்று போட்டிருந்தீர்கள். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளுக்கு ஏ.சி. மாட்டுவது என் பிழைப்பு. இந்தக் கணக்கை நம்பி வாங்கிவிட்டு, “மெசினு ஓடுது, குளிரத்தான் மாட்டேங்குது, வந்து பாரப்பா” என்று ஆச்சிமார் கூப்பிடுவது என்னைத்தான்.

டன் என்பது ஐஸ் கட்டி வைத்துக் குளிரூட்டிய காலத்து அமெரிக்க அளவு. 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எந்த வேகத்தில் வெப்பத்தை இழுக்குமோ அதுதான் ஒரு டன். வெப்பத்தை அளக்கும் பிரிட்டிஷ் அலகான பி.டி.யு.வில் சொன்னால் மணிக்கு 12,000. கடைக்காரர் டன் என்கிறார், கம்பெனி புத்தகம் பி.டி.யு. என்கிறது, கரண்ட் பில் யூனிட் என்கிறது. 1948லேயே வெப்பத்துக்கும் ஜூல்தான் அலகு என்று உலக மாநாட்டில் முடிவு செய்தாயிற்று. அதில் போட்டால் எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துவிடும்: ஒரு டன் என்றால் நொடிக்கு 3,517 ஜூல், அதாவது 3,517 வாட். ஒரு யூனிட் கரண்ட் 36 லட்சம் ஜூல்.

இப்போது அந்த 120 சதுர அடி அறைக்கு வருவோம். கூரை 15 அடி இருக்கட்டும். உள்ளே இருக்கிற காற்றை 10 டிகிரி இறக்க, காற்றின் ஈரத்தைக் கணக்கில் சேர்க்காமல், சுமார் 6 லட்சம் ஜூல். ஒரு டன் மெஷினுக்கு மூன்று நிமிட வேலை! ஆனால் செங்கல் சுவரில் ஒரு கன மீட்டர் ஒரே ஒரு டிகிரி இறங்கவே சுமார் 15 லட்சம் ஜூல் எடுக்க வேண்டும். நம் வீட்டுச் சுவர்களின் கனம் தெரிந்ததுதானே. போன மே மாதம் ஒரு வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேற்குச் சுவரில் டெம்பரேச்சர் கன்னைக் காட்டினேன், 38. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை 31. பகல் பூரா வாங்கிய வெயிலைச் சுவர் அப்போதுதான் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. போதாததற்கு, பர்மா தேக்குக் கதவுக்கு அடியில் இரண்டு விரல் நுழையும் சந்து. அந்த வீட்டில் டன்னைக் கூட்டச் சொல்லவில்லை. கதவு இடுக்கை அடைத்து, மேற்கே தட்டி கட்டச் சொன்னேன். கூரையைக் குறை சொல்லி ஒன்றரை டன்னைத் தலையில் கட்டுவது வியாபாரம்.

இன்னொன்று. ஒன்றரை டன்னுக்குக் கணக்குப்படி 5,275 வாட் வர வேண்டும். அந்தப் பெயரில் விற்பதில் 5,000 வாட்டுக்குக் கீழேயும் இருக்கிறது. நட்சத்திர லேபிளில் வாட் கணக்கு அச்சாகித்தான் வருகிறது; யார் பார்க்கிறார்கள்? அதே லேபிளில் உள்ள வருட யூனிட் கணக்கும் 1,600 மணி நேர ஓட்டத்துக்குத்தான். ராத்திரி பகல் ஓட்டுகிறவர்களுக்கு அது பொருந்தாது.

ஏ.சி. விளம்பரம் தருபவர்களிடம் டன்னுக்குப் பக்கத்தில் வாட்டையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். இடமில்லை என்பார்கள். நான்கு இலக்கம்தான், ஐயா.

இப்படிக்கு,
ஏ.சி. மெக்கானிக் ஒருவர்,
காரைக்குடி.