சந்தைக்கு மேலே நின்ற பள்ளிக்கூடம்

லெஸ்டர்

அன்புமிக்க நண்பர் சிவசங்கரன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மீண்டும் காலை நடைக்குச் செல்கிறீர்கள் என்பதும், பேத்தி பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப் எடுத்திருக்கிறாள் என்பதும் மகிழ்ச்சி தந்தன. இங்கே நாங்கள் நலமாக இருக்கிறோம். நம் பள்ளியின் வரலாற்றை எழுதும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று அறிந்தேன். உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். தலைமையாசிரியர்களின் வரிசைக்கும் கட்டடத் திறப்பு விழாக்களுக்கும் அப்பால் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு நேராகப் பதில் சொல்வதைவிட, இங்கிலாந்தில் லெஸ்டருக்குத் தெற்கே உள்ள மார்க்கெட் ஹார்பரோ என்னும் சந்தை ஊரின் பள்ளியைப் பற்றி எழுதுவது பயன்படும் என்று தோன்றுகிறது.

அந்த ஊரின் நடுவில், புனித டயோனிசியஸ் தேவாலயத்தின் உயர்ந்த கூர்கோபுரத்தை ஒட்டி, மரத்தூண்களின் மேல் ஒரே ஓர் அறையாக ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. தரைத்தளத்துக்குச் சுவர் கிடையாது. நான்கு பக்கமும் திறந்தே இருக்கும். மேலே உள்ள அறைதான் 1614-இல் கட்டப்பட்ட பள்ளிக்கூடம். இதை நிறுவியவர் ராபர்ட் ஸ்மித். அதே ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, லண்டனுக்குப் பிழைக்கப் போய், அந்த மாநகர ஆட்சியில் பொறுப்பான பதவி வரை உயர்ந்தவர். 1607-இல் பள்ளிக்கு வழிசெய்தபோது பிறந்த ஊரின் சந்தைத் திடலையே இடமாகத் தேர்ந்தார்; மழைக்காலத்தில் சந்தைக்கு வரும் மக்கள் நனையாமல் ஒதுங்குவதற்காகப் பள்ளியைத் தூண்களின் மேல் எழுப்ப வேண்டும் என்றும் விரும்பினார். அதன்படியே கீழே பெண்கள் வெண்ணெய் விற்றார்கள். மேலே பையன்கள் லத்தீன் இலக்கணம் ஓதினார்கள். கல்விக்குக் கொடை தந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் தம் பள்ளியில் ஒருநாளும் படிக்கப்போகாத வெண்ணெய்க்காரியின் தலை நனையக் கூடாது என்று எண்ணிப் பள்ளிக்கு வடிவம் தந்தவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. 1645 ஜூனில் அருகிலுள்ள நேஸ்பியில் மன்னர் சார்லஸின் படை முறியடிக்கப்பட்ட அன்று, வெற்றிச் செய்தியை நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல் இந்த ஊரிலிருந்துதான் நாடாளுமன்றத்துக்கு எழுதினார் என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன். அப்போது இந்தக் கட்டடத்துக்கு 31 வயது.

இத்தனை அழகிய நோக்கத்தோடு பிறந்த பள்ளியின் படிகளில் யார் ஏறினார்கள் என்று கேட்கும்போதுதான் வரலாறு கனக்கத் தொடங்குகிறது. இங்கிலாந்தின் கிராமர் பள்ளிகள் ஆண்பிள்ளைகளுக்காக ஏற்பட்டவை; லத்தீனும் கிரேக்கமும் கற்பித்துச் சிலரைப் பல்கலைக்கழகத்துக்கும் திருச்சபைப் பணிக்கும் அனுப்புவதே அவற்றின் வேலை. சந்தை ஊரின் தோல் வணிகரும் மளிகைக்காரரும் தம் மகனுக்குக் கணக்கும் கடித எழுத்தும் வேண்டும் என்று கேட்டாலும், கொடைப்பத்திரம் குறுக்கே நின்றது. லீட்ஸ் நகரக் கிராமர் பள்ளி தொடர்பான வழக்கில், இலக்கணப் பள்ளிக்கென்று விட்ட சொத்தை நவீன பாடங்களுக்காகத் திருப்பிவிட முடியாது என்று 1805-இல் எல்டன் பிரபு தீர்ப்பளித்தார். அதைத் தளர்த்தும் சட்டம் 1840-இல்தான் வந்தது. தேவையும் பாடமும் இப்படி விலகிப்போனதால் பல சிற்றூர்களில் இப்பள்ளிகள் மாணவரின்றித் தேய்ந்தன. பிறகு அரசு அமைத்த டான்டன் ஆணையம் அறக்கட்டளைப் பள்ளிகளை நாடெங்கும் ஆராய்ந்தது; 1869-இல் வந்த சட்டம் அவற்றின் சொத்துகளைச் சீரமைத்துப் பெண்கல்விக்கும் ஒரு பங்கை ஒதுக்க வழிவிட்டது.

அதே 1869-ஆம் ஆண்டில்தான், உறங்கிக்கிடந்த ஹார்பரோ பள்ளியும் மீண்டும் திறக்கப்பட்டது. இயற்பியல் ஆசிரியராக வாழ்நாளைக் கழித்த உங்களுக்காகவே இந்த இடத்தில் சற்று நின்று எழுதுகிறேன். மீண்டும் திறந்தபோது சேர்ந்த மாணவர்கள் ஆறே பேர். அவர்களில் ஒருவன், கம்பர்லாந்தில் தாயை இழந்து, ஹார்பரோவில் மருந்துக்கடை வைத்திருந்த பெரிய தந்தையாரிடம் வளர வந்த ஏழு வயதுச் சிறுவன்: வில்லியம் ஹென்றி பிராக். பள்ளியை மீட்டெடுப்பதில் அந்தப் பெரிய தந்தையாருக்கும் பங்கு இருந்தது. 1915-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைத் தம் மகன் லாரன்ஸுடன் பகிர்ந்துகொண்ட அதே பிராக்தான் அவர். படிகங்களில் எக்ஸ் கதிர்கள் சிதறும் முறையைச் சொல்லும் பிராக் விதியை விளக்க நீங்கள் கரும்பலகையில் வரைந்த கோடுகளை நான் மறக்கவில்லை. விதி மகனுடையது, எக்ஸ் கதிர் நிறமாலைமானியை அமைத்தவர் தந்தை. பின்னாளில் லாரன்ஸ் தலைமை ஏற்றிருந்த கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பயின்ற ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து 1954-இல், தோலிலும் எலும்பிலும் உள்ள புரதமான கொலாஜனின் மூவிழை அமைப்பை வெளியிட்டார். வெண்ணெய்ச் சந்தையின் மேலே இருந்த அந்த ஓர் அறைக்கும் சென்னையின் ஆய்வுக்கூடத்துக்கும் இப்படி ஓர் உறவு உண்டு என்பதைப் பேத்திக்குச் சொல்லுங்கள்.

இருப்பினும், பிராக்கைக் கொண்டே பள்ளியின் பெருமையை எழுதிவிடுவது நியாயமாகாது என்றே கருதுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளி அந்தச் சிறு அறையை விட்டு வெளியேறியது. பின்னர் ஊரின் வடபகுதியில் பர்ன்மில் சாலையில் பெரிய கட்டடம் பெற்றது. 1902-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இடைநிலைக் கல்வி உள்ளாட்சிக் குழுக்களின் கைக்கு வந்தது. அரசு உதவி பெறும் இடைநிலைப் பள்ளிகள் நான்கில் ஒரு பங்கு இடத்தைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்ற விதி 1907-இல் வந்தது. 1944-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளில் கட்டணத்தையே ஒழித்தது. ஆனால் கட்டணம் நின்ற இடத்தில் பதினொரு வயதுத் தேர்வு வந்து நின்றது. தேறியவர்களுக்குக் கிராமர் பள்ளி, மற்றவர்களுக்கு செகண்டரி மாடர்ன் பள்ளி. ஒரே தெருவில் விளையாடிய இரு பிள்ளைகளை ஒரு காலைத் தேர்வு இரு வேறு வாழ்க்கைகளுக்குப் பிரித்தது; பதினொரு வயதில் ஒரு குழந்தையின் அறிவுக்கு எல்லை கட்டுவது கொடுமை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இதை லெஸ்டர்ஷயர் மாவட்டம் முன்னதாகவே உணர்ந்தது என்பதில் இங்கு வாழ்பவன் என்ற முறையில் எனக்குப் பெருமை உண்டு. மாவட்டக் கல்வி இயக்குநராக இருந்த ஸ்டூவர்ட் மேசன் 1957-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்: பதினொரு வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகைப் பள்ளிக்குச் செல்வார்கள், பதினான்கு வயதில், மேலும் படிக்க விரும்புவோர் தேர்வு எழுதாமலே கிராமர் பள்ளிக்கு மாறிக்கொள்ளலாம். இருக்கும் கட்டடங்களைக் கொண்டே அந்தத் தேர்வை ஒழித்துவிட்டதுதான் அதன் திறம். ஹார்பரோ பள்ளியும் இந்த மாற்றத்தைக் கடந்து வந்தது. இன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும் அது, ராபர்ட் ஸ்மித் அகாடமி என்று நிறுவியவரின் பெயரையே தாங்கியிருக்கிறது.

ஆகவே, நண்பரே, நம் பள்ளியின் வரலாற்றை எழுதும்போது சேர்க்கைப் பதிவேடுகளிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் விண்ணப்பம். முதல் பெண்பிள்ளை எந்த ஆண்டில் சேர்ந்தாள், எந்தெந்தத் தெருக்களிலிருந்து பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள், மதிய உணவு வந்த ஆண்டுகளில் எண்ணிக்கை எப்படி உயர்ந்தது, எட்டாம் வகுப்போடு நின்றுபோனவர்கள் யார் என்பவற்றை நீங்கள் எழுதினால், தலைமையாசிரியர் பட்டியலைப் பின்னிணைப்பாகக் கூடப் போட்டுக்கொள்ளலாம். பழைய பதிவேடுகள் அலுவலக அலமாரியில் இன்னும் இருந்தால், கரையான் அரிக்கும் முன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அவற்றில் முதல் பத்தாண்டுகளின் பக்கங்களை எனக்கு அனுப்பினால், பெயர், ஊர், தந்தையின் தொழில் என்று பிரித்து அட்டவணையாக்கித் தருகிறேன்; மாலை நேரங்கள் எனக்கு ஓய்வாகவே இருக்கின்றன. அண்ணியாருக்கு என் வணக்கங்கள். அடுத்த கடிதத்தில் உங்கள் முதல் அத்தியாயத்தை எதிர்பார்க்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்
நடராஜன்