வெள்ளையடிக்கும் முன் ஓவியரிடம் சொல்லுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி மேயர் அவர்களுக்கும் ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

பாலத்துத் தூண்களிலும் பள்ளிச் சுற்றுச்சுவர்களிலும் ஓவியம் வரையச் செய்கிறீர்கள். நல்ல காரியம். அந்த ஓவியங்களை அழிக்க வேண்டி வந்தால் வரைந்தவருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சுவர்ப் படம்தானே, வெயிலிலும் மழையிலும் எப்படியும் போய்விடும் என்று தோன்றலாம். நியூயார்க்கிலும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். தன் செல்லப்பெயரையும் தெரு எண்ணையும் சேர்த்து 'டாக்கி 183' என்று நகரெங்கும் எழுதிவைத்த ஓர் இளைஞனைப் பற்றி 1971இல் நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது. அவனைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் இறங்கினார்கள். சுரங்க ரயில் பெட்டிகளில் அந்த எழுத்து தடித்து, நிறம் ஏறி, படமாகவே மாறிப்போனது. நிர்வாகம் விடாமல் கழுவி 1989இல் ரயில்களைச் சுத்தமாக்கிவிட்டது. ஆனால் அதற்குள் அந்தக் கலை காட்சிக்கூடங்கள் வரை போய்விட்டது. ரயில் நிலையங்களின் காலி விளம்பரப் பலகைகளில் சாக்பீஸால் வரைந்து கைதான கீத் ஹேரிங்கின் படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அதே நகரின் குயின்ஸ் பகுதியில் 'ஃபைவ் பாயின்ட்ஸ்' என்றொரு பழைய தொழிற்கட்டடம் இருந்தது. உரிமையாளரின் சம்மதத்தோடுதான் ஓவியர்கள் பல ஆண்டுகள் அங்கே வரைந்தார்கள். 2013 நவம்பரில் அதே உரிமையாளர் ஒரே இரவில் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டார். கட்டடத்தை இடிக்க நீதிமன்றம் தடை போட்டிருக்கவில்லை. அந்நாட்டுச் சட்டம் சொல்கிறபடி ஓவியர்களுக்கு 90 நாள் அறிவிப்புக் கொடுத்துக் காத்திருந்திருக்கலாமே என்றுதான் நீதிபதி கேட்டார். 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொல்லி 2018இல் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது.

அமெரிக்கச் சட்டம் நமக்கெதற்கு என்றால், நம் பதிப்புரிமைச் சட்டத்திலேயே 57ஆம் பிரிவு இருக்கிறது. உரிமையை விற்ற பிறகும், படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் அது படைத்தவருக்கு வழிசெய்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அது அரசே செய்யச் சொல்லி வாங்கிய படைப்பு. அப்படியிருந்தும், மிஞ்சியதை அவரிடமே ஒப்படைத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கண்ணகி நகர், நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்களின் இடம். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை ஓவியர்களை அழைத்துவந்து குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் வரைய வைத்தது. அதுவரை பேரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்களும் படம் பார்க்க அங்கே போனார்கள். அந்தச் சுவர்களைப் புதுப்பிப்பதோ மாற்றுவதோ அங்கே வாழ்பவர்களைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

அப்புறம், நம் பேனர் ஓவியர்கள். கட்டம் போட்டு, சாரத்தில் நின்று, மாடி உயரத்துக்கு ஒரு முகத்தைப் பிசகில்லாமல் ஏற்றத் தெரிந்தவர்கள். ஃப்ளெக்ஸ் வந்து அவர்களில் பலரின் பிழைப்பைப் பறித்துவிட்டது. சுவர் வேலையை முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். அதையும் சதுர அடிக் கணக்கில், பெயரில்லாத வேலையாகக் கொடுக்காதீர்கள்.

சாலை விரிவாக்கமோ மெட்ரோ பணியோ வந்து சுவரே போக வேண்டியிருந்தால் போகட்டும், அதில் எனக்கு வாதமில்லை. அடுத்த சுவரோவிய ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளைச் சேருங்கள்: ஓவியரின் பெயரும் வரைந்த ஆண்டும் சுவரிலேயே இருக்க வேண்டும், அழிப்பதற்கு 90 நாள் முன்பே அவருக்கு எழுத்தில் அறிவிப்புப் போக வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்