இணையத்தளம் செய்து தருகிறோம் என்று வருபவர்கள் பற்றி: புறக்கோட்டை வர்த்தக சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழுதாகிப்போன இணையத்தளங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். வெள்ளவத்தையில் இருக்கும் என்னிடம் வருபவர்களில் பலர் உங்கள் அங்கத்தவர்கள். அவர்கள் கொண்டுவரும் பிரச்சினை அநேகமாக ஒன்றேதான். அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

பிரதான வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவரின் தளம் திடீரென்று திறக்கவில்லை. செய்து கொடுத்த நிறுவனத்துக்குக் கோல் எடுத்தால் பதிலே இல்லை. சரி, வேறு ஆளிடம் கொடுப்போம் என்று பார்த்தால் டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, கடையின் பெயரில் பதியப்படவே இல்லை. நிறுவனத்தின் பெயரில், அவர்களுடைய மின்னஞ்சலில் இருக்கிறது. பில் புத்தகம், பை, பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் அச்சிட்ட முகவரி அது. வருடா வருடம் காசு கட்டியவர் கடைக்காரர், உரிமையோ வேறொருவரிடம்.

இலங்கைக்குரிய டொட் எல்கே (.lk) என்று முடியும் டொமைன் பெயர்களைப் பதிந்து தருவது எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி. 1990இல் இருந்து இயங்கும் அமைப்பு அது. கடைக்காரர் தன் பெயரிலேயே அங்கே பதிந்துகொள்ளலாம். அப்படியிருக்க, "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்கு எதற்கு அந்தத் தலையிடி?" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே உசாராக வேண்டும். டொமைன் யார் பெயரில், ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் சேவை) பாஸ்வேர்ட் யார் கையில் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் தராதவருக்கு ஒரு ரூபாய் முற்பணமும் கொடுக்கக் கூடாது.

விலை குறைவு என்பதற்காக மட்டும் யாரையும் சந்தேகிக்க வேண்டாம். தனியாளாக வேலை செய்யும் பிள்ளைகள் எத்தனையோ பேர் குறைந்த காசுக்கு நேர்மையாகச் செய்து தருகிறார்கள். பார்க்க வேண்டியது விலைமனுவை. 'வெப்சைட் பெக்கேஜ்' என்று ஒரே வரி, பக்கத்தில் ஒரு தொகை. எத்தனை பக்கம், எத்தனை தடவை திருத்தித் தருவார்கள், படங்களை யார் எடுப்பது, எப்போது முடியும், அடுத்த வருடம் எவ்வளவு கட்ட வேண்டும், ஒன்றுமே இராது. அப்படிப்பட்ட தாளைக் கொடுத்துவிட்டு முழுப்பணத்தையும் முதலிலேயே கேட்பவர்களும் இருக்கிறார்கள். வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகக் கொடுப்பதுதான் முறை.

கூகுளில் முதலாமிடம் வாங்கித் தருவதாக உத்தரவாதம் கொடுப்பவர்களை நம்ப வேண்டாம். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டலில் எழுதியிருக்கிறது.

நம் ஆட்கள் கவனிக்கவே தவறுகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். வருபவர் முன்பு செய்த தமிழ்த் தளம் ஒன்றைப் போனில் திறக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு தமிழ்ச் சொல்லை கொப்பி பண்ணி கூகுள் தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். சொல்லைத் தெரிவுசெய்யவே முடியாவிட்டால் அது படம். ஆங்கில எழுத்துகளாக வந்து விழுந்தால் பழைய பாமினி எழுத்துருவில் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். எல்லாக் கணினியும் போனும் தமிழ் என்று புரிந்துகொள்ளும் யுனிகோட் முறையில் இல்லாத அந்தப் பக்கத்தை, தமிழில் தேடுகிற வாடிக்கையாளர் கண்டுபிடிக்கவே மாட்டார். தமிழுக்கென்று தனியாகக் காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

அப்புறம், அவர்கள் காட்டும் பழைய வாடிக்கையாளர்களில் இருவரிடமாவது நேரில் விசாரிக்க வேண்டும். தளம் ஒப்படைத்த பிறகு கோல் எடுத்தால் பதில் வந்ததா என்று கேட்டாலே போதும். கம்பனி என்று சொல்லிக்கொண்டால், கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

இதையெல்லாம் கடையில் தனியாக நிற்கும் ஒரு முதலாளி யோசித்துக்கொண்டிருக்க முடியாது. வாடிக்கையாளர் நிற்க, லொறி வந்து நிற்க, அதற்கிடையில்தான் கையெழுத்துக் கேட்கிறார்கள். நீட்டப்படும் ஒப்பந்தமும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆகவே சங்கமே ஒரு பக்க மாதிரி உடன்படிக்கையைத் தமிழில் தயாரித்து எல்லா அங்கத்தவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வரைவை நான் காசு வாங்காமல் எழுதித் தருகிறேன், உங்கள் சட்டத்தரணி பார்த்துத் திருத்தட்டும். அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கித் தந்தால் நேரில் வந்து விளக்கவும் தயார்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் இணையத்தளத் தொழிலாளி