கட்டில் பக்கத்து சிலிண்டர்

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். மீன் தொட்டி போட்டோ பார்த்தேன். செடியெல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. உன் கை பட்டால் எதுவும் தழைக்கும். ஆனால் கட்டில் பக்கத்தில், கவிதாவின் தையல் மிஷின் இருந்த இடத்தில் ஒரு சிவப்பு சிலிண்டர் நிற்கிறதே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

தொட்டிச் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கேஸ் விடத்தான் வைத்திருக்கிறாய், தெரிகிறது. ஆனால் அது தீயணைப்பான் சிலிண்டர்தானே? சோடாக் கம்பெனி வீட்டில் வளர்ந்தவன், இதைப் போய் வாங்கலாமா? அதற்குள் அடிவரை ஒரு குழாய் இறங்கும். தீயை அணைக்கத் திரவமாகவே பீய்ச்ச வேண்டும் என்பதற்காக வைத்தது. அதில் ரெகுலேட்டரை மாட்டினால் கேஸுக்குப் பதில் திரவம் ஏறி ரெகுலேட்டர் உறைந்துபோகும். நீயாகக் கழற்றிப் பார்க்காதே. திருப்பிக் கொடுத்துவிட்டு, கேஸ் எடுப்பதற்கென்றே உள்ளதை வாங்கு. தோள்பட்டையில் டெஸ்ட் தேதி குத்தியிருக்கும். 5 வருஷம் தாண்டியிருந்தால் தொடாதே.

ரெகுலேட்டர் டபுள் ஸ்டேஜ்தான் வேண்டும், அதாவது அழுத்தத்தை இரண்டு படியாகக் குறைப்பது. இரண்டு மீட்டர் இருப்பதைக் காட்டி டபுள் ஸ்டேஜ் என்பான் கடைக்காரன், நம்பாதே. ஒரு மீட்டர் உள்ளே இருக்கும் அழுத்தம், இன்னொன்று வெளியே போகும் அழுத்தம், அவ்வளவுதான். சிங்கிள் ஸ்டேஜில் சிலிண்டர் தீரப்போகும் நேரம் உள்ளே அழுத்தம் விழ விழ, வெளியே ஏறும். ராத்திரி அப்படி ஏறித் தொட்டியில் கேஸ் அதிகமானால் காலையில் மீனெல்லாம் செத்து மிதக்கும். ஆக்சிஜன் ரெகுலேட்டரை அடாப்டர் போட்டுத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். கரண்ட் போனால் தானாக மூடுகிற சோலனாய்டு வால்வும், நுணுக்கமாகத் திருப்ப நல்ல நீடில் வால்வும் வாங்கு. காசு பார்க்காதே, நான் அனுப்புகிறேன்.

மீட்டர் முள் 60, 70 பார் அழுத்தத்தில் நிற்கிறது, கேஸ் நிறைய இருக்கிறது என்று இருந்துவிடாதே. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் இறங்காது. எடை போட்டுத்தான் தெரியும். அப்பா தராசில் ஏற்றிப் பார்த்து, சிலிண்டர் மேலேயே சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைப்பாரே.

சிலிண்டரை முதலில் படுக்கையறையை விட்டு வெளியே எடு. அந்த கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். வாடையும் இல்லை. நீ ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறவன். கவிதா இருந்தால் ஜன்னலையாவது திறந்து வைப்பாள். இப்போது யார் திறப்பார்கள்? ஹாலில், வெயில் படாத மூலையில், நிமிர்த்தி வைத்துச் சங்கிலி போட்டுக் கட்டு. 31 டிகிரி தாண்டினால் அழுத்தம் சரசரவென்று ஏறும். அதனால் பால்கனியும் வேண்டாம்.

அவளை நான் ஒன்றும் கேட்கவில்லை. உன்னையும் கேட்கவில்லை. போன் எடுத்திருந்தால் இதையெல்லாம் வாயாலேயே சொல்லியிருப்பேன். படுக்கையறையில் மட்டும் வேண்டாம், தம்பி.

புது சிலிண்டர் என்றைக்கு வரும் என்று சொல், முந்தின நாளே பஸ் ஏறிவிடுகிறேன். சிலிண்டர் வாய்க்கு டெஃப்லான் டேப் சுற்றிவிடாதே, அங்கே வாஷர்தான் பிடிக்கும். புது வாஷர் வாங்கி வை. நானே முடுக்கி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா