தலைக்கு மேலே ஒரு குழாய் நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியில் வளர்ந்துவரும் ஸ்கூபா டைவிங் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். மீன் கூட்டம், ஆமை, பாறை என்று படங்கள் அருமை. ஆனால் டைவர் மேலே வரும் நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு படகு வந்தால் என்ன ஆகும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் வைத்திக்குப்பத்தில் ஃபைபர் படகு ஓட்டுகிறவன். வலைக்கும் போவேன், சீசனில் டைவிங் குழுக்களையும் ஏற்றிப் போவேன். இரண்டு பக்கத்துச் சங்கடமும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகம் எடுத்தால் ஃபைபர் படகின் அணியம், அதாவது முன்பக்கம், தூக்கிக்கொள்ளும். பின்னால் எஞ்சினைப் பிடித்து உட்கார்ந்திருப்பவனுக்கு நேர் முன்னால் உள்ள தண்ணீர் மறைந்துவிடும். காலையில் கிழக்கே போகிற படகுக்கு எதிர்வெயில் வேறு. அந்தப் பளபளப்பில் கறுப்பு உடுப்பும் கறுப்பு முகமூடியுமாக அலைக்கு நடுவே எழும் தலை, மிதந்துவரும் தேங்காயா ஆளா என்று பிரித்தறிய முடியாது. மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் போகும் படகு 100 மீட்டரைப் பத்தே நொடியில் தாண்டிவிடும்.

கீழே இருப்பவர் எஞ்சின் சத்தம் கேட்டு ஒதுங்கிக்கொள்ள மாட்டாரா என்று கரையில் கேட்பார்கள். சத்தம் கேட்கும், திசை தெரியாது. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி தண்ணீருக்குள் 1,500 மீட்டர் போகிறது. இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் நாலா பக்கமும் படகு ஓடுவது போலத்தான் இருக்கும். 2000 டிசம்பரில் பிரிட்டிஷ் பாடகி கிர்ஸ்டி மெக்கால், மெக்சிகோவின் கோசுமெல் தீவருகே மகன்களோடு டைவிங் செய்து மேலே வந்தபோது விசைப்படகு மோதி இறந்துபோனார். அது டைவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதி. அங்கேயே அப்படி என்றால், வலைப் படகும் லாஞ்சும் சுற்றுலாப் படகும் ஒன்றாய் ஓடும் நம் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

டைவிங் படகில்தான் கொடி பறக்கிறதே என்பார்கள். பறக்கிறது. வெள்ளையும் நீலமுமாக, ஓரம் பிளந்த அந்தக் கொடிக்கு ‘கீழே ஆள் இருக்கிறார், வேகத்தைக் குறைத்து விலகிப் போ’ என்று பொருள் என்பது கப்பல்காரர்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிவப்பில் குறுக்கே வெள்ளைப் பட்டை போட்ட இன்னொரு கொடியும் உண்டு. அதையும் யாரும் சொல்லித்தரவில்லை. கட்சிக் கொடி கட்டாத படகே இல்லாத ஊரில் கொடியைப் பார்த்ததும் எவன் வேகத்தைக் குறைப்பான்?

தெரிந்திருந்தாலும் கொடி படகு நிற்கும் இடத்தைத்தான் காட்டும், ஆள் இருக்கும் இடத்தை அல்ல. வாடைக் காலத்தில் நீரோட்டம் தெற்கே இழுக்கும்போது இறங்கிய இடம் ஒன்று, ஏறும் இடம் இன்னொன்று. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், திறந்த கடலில் கொடியிலிருந்து 300 அடிக்குள் இருக்க டைவர் முயல வேண்டும், அதற்குள் வரும் படகும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஆளோடு சேர்ந்து ஓர் அடையாளம் மேலே வர வேண்டும். எங்களுக்கு இது புதிதல்ல. வலை போட்டால் மூங்கில் கழியில் துணி கட்டி மிதக்கவிடுகிறோம். தூரத்தில் அந்தக் கழியைக் கண்டதும் எந்தப் படகும் திரும்பிவிடும், எஞ்சின் விசிறியில் வலை சுற்றினால் யாருக்கு நஷ்டம் என்று தெரியும் என்பதால். டைவர்களுக்கு அந்த வேலையைச் செய்வது எஸ்.எம்.பி. என்கிற காற்றடைத்த ஆரஞ்சுக் குழாய். ஆள் உயரம் வரை நிற்கும். சுருட்டினால் பைக்குள் அடங்கிவிடும். மேலே வருவதற்குமுன் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்கிறார்களே, அங்கிருந்தே இதில் காற்று ஊதி நூலில் விட்டுவிடலாம். தண்ணீரின் அழுத்தம் குறையக் குறையக் காற்று விரியும் என்பதால் கீழே முழுக்க நிரப்பத் தேவையில்லை. நூல்சுருளை உடம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது, சிக்கினால் ஆளையே மேலே இழுத்துவிடும். இதைக் குளத்தில் பழகிவிட்டுக் கடலுக்கு வர வேண்டும். குழாய் படுத்துக் கிடந்தாலும் பிரயோஜனம் இல்லை. நாங்கள் அதை யாரோ விட்டெறிந்த தெர்மாகோல் என்று நினைப்போம். நூலைக் கீழே இழுத்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும்.

நான் பார்த்த குழுக்களில் பயிற்சியாளரிடம் மட்டும் ஒரு குழாய் இருக்கும், மற்றவர்களிடம் ஒன்றும் இராது. நீரோட்டத்தில் குழு பிரிந்துபோனால்? 2022 ஏப்ரலில் மலேசியாவின் மெர்சிங் கடலில் நான்கு பேர் மேலே வந்தபோது படகைக் காணவில்லை. நீரோட்டம் அடித்துப்போனது. ஒரு சிறுவன் உயிரிழந்தான். இருவரை மூன்றாம் நாள் மீனவர்கள்தான் கண்டெடுத்தார்கள்.

விசிலும் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு அது கேட்காது. எஞ்சினை அணைத்துத் தேடும்போதுதான் உதவும். மங்கலான நேரத்துக்கு ஒரு மின்னும் விளக்கு, வெயிலுக்கு ஒரு சின்னக் கண்ணாடி. டைவிங்குக்குக் கட்டும் பணத்தோடு பார்த்தால் இவையெல்லாம் பெரிய செலவு இல்லை.

எங்கள் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. கடலில் நல்ல மிதவை கிடந்தால் எடுத்துவரலாம் என்று கிட்டே போகிற பழக்கம் உண்டு. ஆரஞ்சுக் குழாயைக் கண்டு ஆசையோடு நேராக ஓட்டி வந்தால் அடையாளமே வினையாகிவிடும். நிமிர்ந்து நிற்கும் குழாய்க்குக் கீழே ஆள் இருக்கிறார் என்பதைக் குப்பம் குப்பமாகச் சொல்ல வேண்டும்.

சுற்றுலாத் துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்தால் ஒரு காலைப் பொழுதில் இதை முடிக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள். தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு வெளியே இரண்டு டைவர்களை இறக்கி, ஒருவரைக் குழாயோடும் இன்னொருவரைக் குழாய் இல்லாமலும் மிதக்கவிட்டு, எங்களைப் படகில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒவ்வொரு டைவரிடமும் குழாயும் விசிலும் இருந்தால்தான் படகு புறப்படும் என்று உத்தரவும் போடுங்கள். அந்த உத்தரவு இருந்தால், குழாய் இல்லாதவரை ஏற்றமாட்டேன் என்று என்னைப் போன்ற படகோட்டி தைரியமாகச் சொல்லலாம். இன்று அப்படிச் சொன்னால் அடுத்த சவாரி வேறு படகுக்குப் போய்விடும்.

இப்படிக்கு,
ஃபைபர் படகோட்டி ஒருவர்,
வைத்திக்குப்பம், புதுச்சேரி.