ஏல விலைக்கு முன்கதையும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சமகாலக் கலைப்படைப்புகளின் ஏல விலைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எது எத்தனை கோடிக்குப் போனது என்று வரிசையாகச் சொல்லியிருந்தீர்கள். அந்த விலை எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

இத்தாலியக் கலைஞர் மௌரிட்சியோ கட்டெலானின் ‘கமீடியன்’ படைப்பையே எடுத்துக்கொள்வோம். சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம். 2024 நவம்பரில் 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனதும் உலகமே பழத்தைப் பார்த்துச் சிரித்தது. பழம் அழுகினால் மாற்றிக்கொள்ளலாம். காசு கொடுத்தவருக்கு முக்கியமானது கூடவே வரும் சான்றிதழும், எந்த உயரத்தில் எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்புகளும்தான். 2019ல் மயாமி கலைச் சந்தையில் 1.2 லட்சம் டாலருக்கு விற்பனைக்கு வந்த இந்தப் படைப்பின் ஒரு பிரதி, மறு ஆண்டே நன்கொடையாக நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஏலத்தில் போட்டி போட்டவர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

பெரிய கேலரிகள் பணம் நீட்டும் எல்லோருக்கும் விற்பதில்லை. நாளைக்கே ஏலத்தில் தள்ளிவிடுவார் என்று தோன்றினால் காத்திருக்கச் சொல்வார்கள். அருங்காட்சியகத்துக்கு முன்னுரிமை, சில சமயம் தள்ளுபடியும் உண்டு. அங்கே ஒரு படம் மாட்டப்பட்டால் அந்தக் கலைஞரின் மற்ற படங்களுக்கும் மவுசு கூடும். அதே அருங்காட்சியகங்களின் அறங்காவலர் குழுக்களில் சேகரிப்பாளர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் எல்லாமே சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாசகருக்குத் தெரிய வேண்டாமா?

சுமார் 5 லட்சம் கலைஞர்களின் கண்காட்சி வரலாற்றை அலசிய ஆய்வு ஒன்று 2018ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. தொடக்கத்திலேயே பெயர்பெற்ற இடங்களில் காட்ட வாய்ப்புக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிலைத்தார்கள். ஓரத்தில் தொடங்கியவர்களில் பலர் பாதியில் விலகிப்போனார்கள். கார்மென் ஹெரேரா தன் முதல் ஓவியத்தை விற்றபோது அவருக்கு வயது 89. விட்னி அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தபோது 101. நல்லவேளை, அவர் அதுவரை உயிரோடு இருந்தார். அந்த வாய்ப்பு வராமலே மறைந்தவர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

அப்புறம், பணம் யாருக்குப் போகிறது? அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரவுஷன்பெர்க்கின் படமொன்றை 1958ல் 900 டாலருக்கு வாங்கிய சேகரிப்பாளர் ராபர்ட் ஸ்கல், அதை 1973ல் ஏலம் விட்டார். 85,000 டாலருக்குப் போனது. நேரில் வந்திருந்த கலைஞர், ஸ்கல்லிடம் கோபமாகச் சண்டைக்கே போய்விட்டார். அந்த லாபத்தில் அவருக்கு ஒரு காசும் இல்லை. மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு தரும் சட்டம் பிரான்சில் 1920லேயே வந்தது. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான அப்படியொரு சட்டம் இன்றுவரை இல்லை.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏலச் செய்தி போடும்போது, படம் இதற்குமுன் யார் யாரிடம் இருந்தது, எங்கெல்லாம் காட்டப்பட்டது, இந்த விற்பனையில் கலைஞருக்குப் பங்கு உண்டா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் ஏலப் பட்டியலிலேயே அச்சாகியிருக்கும். விற்பவருக்குக் குறைந்தபட்சம் இந்த விலை நிச்சயம் என்று முன்கூட்டியே உத்தரவாதம் தரப்பட்டிருந்தால் அதற்கான குறியும் படத்தின் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் செய்தியாளர் அதற்காக அலைய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்