மண்ணிலிருந்து வந்தவருக்கு வம்சப் பெருமை எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மனிதன் மண்ணாலும் ஒரு துளி நீராலும் படைக்கப்பட்டதை நினைவூட்டி, பணிவைப் பற்றி உங்கள் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் படித்து முடித்ததும் 'நாமெல்லாம் ஒன்றுக்கும் ஆகாதவர்கள்' என்ற எண்ணமே மிஞ்சியது. குர்ஆனின் நோக்கம் அதுவல்ல. மக்கிப்போன எலும்புக்கு யார் உயிர் கொடுப்பார் என்று தர்க்கம் செய்பவனிடம்தான் யாஸீன் அத்தியாயம் அந்தத் துளியை நினைவூட்டுகிறது. தலைகுனிந்து நிற்பவனிடம் அல்ல.

முதல் மனிதர் ஆதமுக்குப் பணிய மறுத்த இப்லீஸ் (ஷைத்தான்) சொன்னதையும் பாருங்கள். "அவரைவிட நான் மேலானவன். என்னை நெருப்பால் படைத்தாய், அவரைக் களிமண்ணால் படைத்தாய்." எதிலிருந்து வந்தோம் என்பதைக் காட்டி உயர்வு பேசியவன் அவன். நம் வீடுகளில் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் மார்க்கப்பற்றுக்கு முன்னால் பூர்வீகத்தைத்தானே விசாரிக்கிறோம்? சொல்லவே வருத்தமாக இருக்கிறது.

அணுவளவு பெருமை உள்ளத்தில் இருந்தாலும் சொர்க்கம் நுழைய முடியாது என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னபோது, நல்ல உடையும் நல்ல செருப்பும் விரும்புவது பெருமையா என்று ஒருவர் கேட்டார். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான். உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக நினைப்பதுமே பெருமை என்று பதில் வந்தது. 'முஸ்லிம்' என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள ஹதீஸ் (நபிமொழி) இது. ஆக, கந்தல் கட்டிக்கொள்வதில் பணிவு இல்லை. அடுத்தவரை எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1111-ல் மறைந்த மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலியும் பெருமைக்கான காரணங்களை அடுக்கும்போது செல்வத்தை முதலில் வைக்கவில்லை, கல்வியைத்தான் வைத்தார். பயான் (மார்க்கச் சொற்பொழிவு) செய்பவர்களும் என்னைப் போல் கடிதம் எழுதுபவர்களும் கவனிக்க வேண்டிய இடம்.

பணிவை வளர்ப்பது எப்படி என்பதற்கு 'புகாரி' என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள, நபித்தோழர் அபூதர் (ரலி) அவர்களின் சம்பவம் போதும். ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி ஏசிவிட்டார். "உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்து (இஸ்லாத்துக்கு முந்தைய காலத்து) குணம் இருக்கிறதே" என்று கண்டித்த நபியவர்கள், உங்கள் பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுத்துவதை உடுத்தக் கொடுங்கள் என்றார்கள். பின்னாளில் ரபதா என்ற ஊரில் அபூதரைப் பார்த்த ஒருவர், அவரும் அவருடைய அடிமையும் ஒரே மாதிரி ஆடை அணிந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டபோது, அபூதரே இந்தச் சம்பவத்தைச் சொன்னார்.

வேலைக்கு வருபவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைக்கும் குடும்பங்கள் நம்மிலும் உண்டு. அவர்கள் கண்ணில் படும்படி இந்தச் சம்பவத்தை ஒரு வாரம் முழுமையாக வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி